வேலையும் கல்வியும்: கோரிக்கைகள் வெற்றிபெற்றது எவ்வாறு?
(மலையகப் பெருந்தோட்டத் துறையை உதாரணமாகக் கொண்ட விளக்கம்)



தொழிற்சங்கம், பேச்சுவார்த்தை, கூட்டு உடன்படிக்கை, சம்பளச் சபை ஆகிய சொற்களை வரலாறு, குடியியற் கல்வி ஆகிய இரு பாடங்களிலும் நீங்கள் காண்கிறீர்கள். இவை பற்றி வினா வரும்போது மாணவர் பலர் "தொழிலாளர்கள் போராடி உரிமைகளைப் பெற்றனர்" என ஒரே வரியில் விடையளித்துவிடுகின்றனர். இது பிழையான விடையன்று. ஆயினும் முழுமையான விடையுமன்று. யாரிடம் கேட்டனர்? எதை ஆதாரமாகக் காட்டிக் கேட்டனர்? கேட்டவருக்குப் பின்னால் என்ன பலம் இருந்தது? இம்மூன்றையும் சேர்த்து எழுதும் விடையே முழுப் புள்ளிகளைப் பெறும்.

மலையகத் தோட்டங்களில் வேலை தொடர்பான கோரிக்கைகள் மெதுவாகவேனும் வெற்றிபெற்றன. ஆனால் அதே மக்கள் அதே தோட்டங்களில் முன்வைத்த கல்விக் கோரிக்கை நீண்டகாலம் பின்தங்கியே நின்றது. ஏன் இந்த வேறுபாடு? இந்த வினாவுக்கு விடை காண்பதே இப்பாடக் குறிப்பின் நோக்கமாகும்.

1. அடிப்படைச் சொற்கள்

தொழில்தருநர்: கூலி அல்லது சம்பளம் கொடுத்து வேலை கொள்பவர். தோட்டத்தில் ஆரம்பத்தில் துரைமாரும் அவர்களது கம்பனிகளும், 1970களில் அரசும், 1992 இன் பின்னர் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளும் இந்நிலையில் இருந்தன.

கூட்டுப் பேரம்பேசல்: தொழிலாளர் தனித்தனியாகக் கேளாது, சங்கத்தின் மூலம் ஒன்றாகப் பேசுதல்.

கூட்டு உடன்படிக்கை: அப்பேச்சின் முடிவாக இரு தரப்பினரும் எழுத்தில் கைச்சாத்திடும் ஒப்பந்தம்.

சம்பளச் சபை: தொழில்தருநர், தொழிலாளர் ஆகிய இரு சாராரினதும் பிரதிநிதிகளும் நியமன உறுப்பினர்களும் அமர்ந்து ஒரு தொழிலுக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சட்டபூர்வமான சபை.

2. கேட்க முடியாதிருந்த காலம்

கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக 1820களிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் பரவத் தொடங்கியது. பின்னர் தேயிலை முதன்மைப் பயிராகியதும் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால் தொழிலாளர் குடும்பத்துடன் லயன்களில் நிரந்தரமாகத் தங்கினர்.

இக்காலத்தில் தொழிலாளி தன் குறையைத் துரையிடம் நேரே சொல்ல முடியாதிருந்தமைக்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

(அ) கங்காணி முறை: ஆட்சேர்த்தவரும் கடன் கொடுத்தவரும் மேற்பார்வை செய்தவரும் கங்காணியே. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் அவரே நின்றார்.

(ஆ) துண்டு முறை: ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குச் செல்வதற்கு, கடன் விபரம் எழுதப்பட்ட துண்டு தேவைப்பட்டது. கடன் தீராதவருக்கு விடுதலை இல்லை.

(இ) சட்டம்: 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

ஒருவர் "இல்லை" என்று சொல்லவும் விலகிச் செல்லவும் முடியாத இடத்தில் பேச்சுவார்த்தை என்பது இல்லை. அங்கு மன்றாட்டம் மாத்திரமே உண்டு. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டமை ஏன் முக்கியமானது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

3. குரல் வெளியே கேட்கத் தொடங்குதல்

தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்தார் எனக் கூறப்படுகிறது. அறிந்தவற்றைத் "தேசபக்தன்" பத்திரிகையில் எழுதினார். 1925 இல் சட்டநிரூபண சபையில் இடம்பெற்று அங்கும் பேசினார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் மத்தியில் பாட்டுக்கள் பாடி விழிப்பூட்டினார்.

இங்கு கவனிக்க வேண்டியது முறையாகும். முதலில் தகவல் திரட்டப்பட்டது. அடுத்து அத்தகவல் பத்திரிகை மூலம் பொதுமக்களிடம் சென்றது. பின்னர் சட்டம் இயற்றும் சபையில் வைக்கப்பட்டது. இறுதியாகத் தொழிலாளரே சங்கமாகத் திரண்டனர். துரை ஒருவரிடம் மாத்திரம் கேட்டிருந்தால் கதவு மூடப்பட்டிருக்கும்.

இந்திய அரசாங்கமும் தன் நாட்டுத் தொழிலாளரின் நிலை குறித்து வற்புறுத்தியமையால் 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பள (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் 1929 இல் உயர்மலைப் பகுதிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் வருமாறு:

ஆண்: 54 சதம்
பெண்: 43 சதம்
சிறுவர்: 32 சதம்

இம்மூன்று எண்களையும் மனதில் வைத்திருங்கள். குறிப்பாக மூன்றாவது எண்ணுக்குக் கல்வி பற்றிய பகுதியில் மீண்டும் வருவோம்.

4. சங்கமும் சட்டமும்

1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கங்களைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. 1939 இல் ஜவஹர்லால் நேருவின் வருகையின்போது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அதன் தொழிற்சங்கப் பிரிவே 1950 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. லங்கா சமசமாஜக் கட்சியினரும் இக்காலத்தில் தோட்டங்களில் சங்கம் அமைத்தனர்.

1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். சம்பள உயர்வு கேட்டதற்கு ஓர் உயிர் விலையாயிற்று. இது நாடெங்கும் பேசப்பட்டது. தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவிய நிலையில், சங்கங்களை ஏற்றுப் பேசுவதற்குத் தோட்டத் துரைமார் அவ்வாண்டிலேயே இணங்க வேண்டியதாயிற்று.

இதன் பின்னர் இரு முக்கிய சட்டங்கள் வந்தன.

* 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம்: சம்பளம் ஒரு துரையின் விருப்பத்தால் அன்றி, சபையொன்றின் தீர்மானத்தால் நிர்ணயிக்கப்பட வழிசெய்தது.
* 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம்: இணக்கம் செய்தல், நடுத்தீர்ப்பு, கூட்டு உடன்படிக்கை ஆகிய வழிகளைச் சட்டபூர்வமாக்கியது. 1957 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தொழில் நியாய சபைகளும் அமைக்கப்பட்டன.

எனினும் ஒரு பெரும் பின்னடைவையும் மறந்துவிடக் கூடாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். சங்கம் இருந்தது, வாக்கு இல்லை. அதாவது தொழில்தருநரிடம் பேசப் பலம் இருந்தது. அரசாங்கத்திடம் பேசப் பலம் குறைந்துபோயிற்று.

5. சம சம்பளம் (1984)

54 சதம், 43 சதம் என 1929 இல் தொடங்கிய ஆண், பெண் வேறுபாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஏற்றுமதி வருமானத்தின் பெரும் பங்கு அவர்களது கைகளால் வந்தது. ஆயினும் அவர்களின் "பேர்" குறைந்த விலைக்கே போடப்பட்டது. 1984 இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது.

இக்காலத்தில் தோட்டங்கள் அரசின் கையில் இருந்தன. வாக்குரிமையும் படிப்படியாக மீளக் கிடைத்துக்கொண்டிருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தார். சங்கப் பலமும் அரசியற் பலமும் ஒரே நேரத்தில் இருந்தமையே இவ்வெற்றிக்குக் காரணம் எனலாம்.

அண்மைக்கால உதாரணம் ஒன்றையும் விடையிற் சேர்க்கலாம். 1992 இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் சம்பளம் கூட்டு உடன்படிக்கை மூலம் தீர்மானிக்கப்பட்டு வந்தது. 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கையில் இணக்கம் ஏற்படாத நிலையில், அது 2021 இல் சம்பளச் சபை வழியாகவே நடைமுறைக்கு வந்தது. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலைக் கம்பனிகள் நீதிமன்றத்தில் எதிர்த்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. ஒரு வழி அடைபட்டபோது மற்றொரு வழி பயன்பட்டது என்பதே இதிலிருந்து பெறும் பாடமாகும்.

6. கல்விக் கோரிக்கை ஏன் பின்தங்கியது?

தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிச் சட்டம் இருக்கவில்லை என எண்ண வேண்டாம். 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. 1920 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் இப்பொறுப்பை மேலும் வலியுறுத்தியது. சட்டம் இருந்தும் பல தோட்டங்களில் பாடசாலை என்பது ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. வகுப்பும் ஐந்தாம் தரத்தைத் தாண்டவில்லை. இதற்கான காரணங்களை நோக்குவோம்.

(அ) பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவருக்கு அதில் நன்மை இருக்கவில்லை. படித்த பிள்ளை கொழுந்து பறிக்க வரமாட்டாது எனத் துரைமார் பலர் அஞ்சினர். சம்பளத்தை உயர்த்தினால் வேலையாவது நடக்கும். பாடசாலையைக் கட்டினால் வேலையாள் போய்விடுவார் என்பதே அவர்களின் கணக்கு.

(ஆ) பிள்ளையின் உழைப்புக்கு விலை இருந்தது. முன்னர் மனதில் வைத்திருக்கச் சொன்ன 32 சதத்தை இங்கு நினைவுகூருங்கள். பெற்றோரின் வருமானம் வயிற்றுக்கும் கடனுக்கும் போதாதபோது, பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் 32 சதம் பெரிய தொகை. பெற்றோர் கல்வியை வெறுத்தனர் என்று எழுதுவது நியாயமற்றது. வறுமை அவர்களைத் தெரிவு செய்ய விடவில்லை என்று எழுதுவதே சரியானது.

(இ) பிள்ளையால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. கொழுந்து பறிக்காவிட்டால் தொழிற்சாலை நின்றுவிடும். துரை பேச வருவார். பிள்ளை பாடசாலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் எதுவும் நிற்காது. எனவே அவசரப்பட்டுத் தீர்வு தேட எவருக்கும் தேவை ஏற்படவில்லை.

(ஈ) 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பொது முறைமைக்கு வெளியிலேயே விடப்பட்டன.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் கட்டங்கட்டமாக அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. பின்னர் கட்டடங்களுக்கு வெளிநாட்டு உதவி கிடைத்தது. தோட்ட இளைஞர் யுவதிகள் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 2021 இல் 14 இலிருந்து 16 ஆக்கப்பட்டது.

இதிலிருந்து பெறும் முடிவு யாது? ஏறத்தாழ 70 ஆண்டுகள் கல்விக் கோரிக்கை தவறான வாசலில் நின்றது. அது தொழில்தருநரின் தயவிலிருந்து அரசின் கடமையாக மாறிய பின்னரே உறுதியான முன்னேற்றம் ஏற்பட்டது. வேலைக் கோரிக்கைக்கு உரிய வாசல் தொழில்தருநர். கல்விக் கோரிக்கைக்கு உரிய முதன்மை வாசல் அரசு.

7. இன்று கோரிக்கை எழுதுவது எப்படி?

தமிழ்மொழிப் பரீட்சையிலும் வாழ்க்கையிலும் கோரிக்கைக் கடிதம் எழுத வேண்டி வரும். மேலே கண்ட வரலாறு அதற்கும் உதவும். பின்வரும் ஐந்தையும் வரிசையாக அமைத்துக்கொள்க.

1. தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உண்டோ அவருக்கே எழுதுக.
2. குறையை ஒரே விடயமாகச் சுருக்குக.
3. எண்ணிக்கை, திகதி, பதிவேடு ஆகிய ஆதாரங்களைத் தருக.
4. செய்யக்கூடிய தீர்வைக் கூறுக.
5. அத்தீர்வால் அவருக்கும் ஏற்படும் நன்மையைக் காட்டுக.

மாதிரிக் கடிதம் (கற்பனை)

செயலாளர்,
மாதர் சங்கம்,
.......... தோட்டம்.
திகதி: ..........

முகாமையாளர்,
.......... தோட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பிள்ளைக்காம்பராவைக் காலை 6.15 மணிக்குத் திறத்தல் தொடர்பாக

எமது பிரிவில் காலைப் பெரட்டு 6.30 மணிக்கு நடைபெறுகிறது. பிள்ளைக்காம்பரா 7.30 மணிக்கே திறக்கப்படுகிறது. பாடசாலையும் 7.30 மணிக்கு ஆரம்பமாகிறது. இடைப்பட்ட ஒரு மணித்தியாலத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களின் மூத்த சகோதரிகள் மீது விழுகிறது.

பாடசாலை வரவுப் பதிவேட்டின்படி, கடந்த மாதம் எமது பிரிவைச் சேர்ந்த 12 மாணவிகள் மொத்தமாக 96 தடவைகள் பிந்திச் சென்றுள்ளனர். இவர்களில் மூவர் இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ளனர்.

எனவே பிள்ளைக்காம்பராவைக் காலை 6.15 மணிக்குத் திறந்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை பராமரிப்பாளர் முன்கூட்டி வரும் நேரத்தை அவரது பிற்பகல் வேலைநேரத்தில் குறைத்துக்கொள்ளலாம். அந்நேரத்தில் உதவிசெய்ய எமது சங்க உறுப்பினர் இருவர் முன்வந்துள்ளனர். பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வரும் தாய்மார் பெரட்டுக்கு நேரத்துடன் சமுகமளிப்பர் என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.

இது குறித்துத் தங்களைச் சந்தித்துப் பேச ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

பிரதி: பாடசாலை அதிபர்

கவனிக்க: இக்கடிதத்தில் கோபமான சொல் எதுவும் இல்லை. கெஞ்சும் சொல்லும் இல்லை. பாடசாலையைப் பற்றிய குறையாயினும், பிள்ளைக்காம்பராவின் நேரத்தை மாற்றும் அதிகாரம் முகாமையாளரிடமே உண்டு என்பதால் கடிதம் அவருக்கு எழுதப்பட்டுள்ளது. "பல மாணவிகள் அடிக்கடி பிந்துகின்றனர்" என எழுதியிருந்தால் "பார்ப்போம்" என்ற பதிலே கிடைத்திருக்கும். 12, 96 என்னும் எண்களுக்கு அவ்வாறு பதில் சொல்வது எளிதன்று.

8. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

* சம்பளச் சபையையும் கூட்டு உடன்படிக்கையையும் ஒன்றெனக் கருதுதல். முன்னையது சட்டத்தால் அமைந்த சபை. பின்னையது இரு தரப்பின் ஒப்பந்தம்.
* 1927 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தையும் 1941 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தையும் மாற்றி எழுதுதல். இலக்கம் ஒன்றே, ஆண்டும் பெயரும் வேறு.
* 1945 இல் இலவசக் கல்வி வந்ததும் தோட்டப் பிள்ளைகளுக்கும் உடனே சமவாய்ப்புக் கிடைத்தது என எழுதுதல்.

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: பெருந்தோட்டத் துறையில் சம்பளக் கோரிக்கையை விடக் கல்விக் கோரிக்கை பின்தங்கியமைக்கான காரணங்கள் இரண்டினைத் தந்து விளக்குக.

விடை: முதலாவதாக, சம்பளக் கோரிக்கையின்போது தொழிலாளர் வேலையை நிறுத்தித் தொழில்தருநரைப் பேச்சுக்கு அழைக்க முடிந்தது. 1940 ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களும் 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் இதற்கு உதாரணங்களாகும். கல்விக் கோரிக்கைக்கு அத்தகைய அழுத்தம் இருக்கவில்லை. இரண்டாவதாக, 1907 ஆம் ஆண்டுச் சட்டம் கல்விப் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. மலிவான உழைப்பை நாடிய அவருக்குப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை இருக்கவில்லை. 1977 முதல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மாறியது.

பயிற்சி வினாக்கள்

1. துண்டு முறை ஒழிக்கப்பட்டமை கூட்டுப் பேரம்பேசலுக்கு எவ்வாறு உதவியது?
2. கோ. நடேசய்யர் கையாண்ட வழிமுறைகள் மூன்றினைக் குறிப்பிடுக.
3. உமது பாடசாலையில் விஞ்ஞான பாட ஆசிரியர் இன்மையால் ஏற்பட்டுள்ள குறையை விளக்கி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதுக.

மூன்றாவது வினாவுக்கு விடை எழுதும்போது, ஆசிரியர் இல்லாத நாட்கள் எத்தனை, பாதிக்கப்பட்ட மாணவர் எத்தனை பேர் என்பவற்றை முதலிற் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பாடசாலையில் உண்மையிலேயே அத்தகைய குறை இருப்பின், எழுதிய கடிதத்தைக் கொப்பியில் வைத்திராது அதிபரிடம் காட்டுங்கள். அது அனுப்பப்பட வேண்டிய கடிதமாகவும் இருக்கலாம்.